ஐந்தாம் கிண்ணம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘எதுக்கும் மேடம்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று கண்டுபிடிக்க அவள் இரண்டு வருடம் முயன்றாள், பலிக்கவில்லை. பெயருக்கான காரணத்தைத் தேடி மட்டும் யாரும் அலைய வேண்டியதில்லை. யார் எந்த வேலையை முடித்துக்கொண்டு வந்து நின்றாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: “சரிதான். எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடுவோம்.”

வீட்டிலும் அதே கதைதான். காலை ஏழு மணிக்கு அவளும் தங்கையும் சேர்ந்து கிளம்புவார்கள். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்றாம் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தங்கை படி இறங்கத் தொடங்குவாள். எட்டாவது படியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். மேலே அக்கா பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று.

“நான் பூட்டினது ஒனக்குப் போதாதா?”

“சும்மா பாத்தேன்.”

“பாரு, பாரு. ஒரு நாள் பூட்டு கையோட வரப்போவுது.”

சந்தேகம் அவள் கூடவே பிறந்தது. கல்யாண வயதில் ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனிக்கு அவளே போன் போட்டு விசாரித்தாள். அங்கேதான் வேலை பார்த்தார். மறுநாள் குரலை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை விசாரித்தாள். அப்போதும் அங்கேதான் வேலை பார்த்தார். மூன்றாம் நாள் போனை எடுத்தவர் மாப்பிள்ளையே. வரன் அதோடு முறிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். அந்த மாப்பிள்ளை போனை எப்படிச் சரியாக அந்த நேரத்தில் எடுத்தார் என்ற சந்தேகம் மட்டும் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

அவள் வேலை பார்த்தது கம்பைலர் எழுதும் இடத்தில். கம்பைலர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. மனிதர்கள் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தரும். இவர்களுடைய கம்பைலர் மாற்றித் தந்த கட்டளைகள் போய் உட்கார்ந்தது மருந்துப் பம்புகளில். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில், கம்பியில் மாட்டியிருக்குமே, நிமிடத்துக்கு இத்தனை துளி என்று நரம்புக்குள் மருந்தை விடுகிற சின்னப் பெட்டி, அதுதான்.

“அப்படி என்னதான் நாள் பூரா உக்காந்து பாக்குற?” என்று தங்கை ஒரு தடவை கேட்டாள். சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அலமாரியைத் திறந்து காட்டினாள்.

“நம்ம வீட்ல மொத்தமே பதினாறு கிண்ணம்னு வெச்சுக்க. சமையல் முடியறதுக்குள்ள அம்பது சாமான் போட்டு வெக்கணும். ஒரு கிண்ணத்தக் கழுவி வேற எதுக்காவது எடுக்கணும்னா, அதுல இருக்கறது பின்னால யாருக்காவது வேணுமா வேணாமான்னு தெரியணும்ல? அதக் கண்டுபிடிச்சுச் சொல்ற புரோகிராம நான் எழுதிருக்கேன்.”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?”

“ஒரு வழின்னா பரவால்ல. இப்படிப் போனா வேணுமா, அப்படிப் போனா வேணுமா, சுத்தித் திரும்பி வந்தா வேணுமான்னு எல்லா வழியிலயும் பாக்கணும். ஒரு சுத்துல வேணாம்னு வரும், அடுத்த சுத்துல வேணும்னு வரும். பதில் மாறாம நிக்கற வரைக்கும் சுத்திச் சுத்திப் பாத்துட்டே இருக்கணும்.”

“ஒனக்குன்னே செஞ்ச வேல,” என்றாள் தங்கை.

அலுவலகத்தில் இதற்கு டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ் என்று பெரிய பெயர் உண்டு. அதைச் செய்யும் புரோகிராமுக்கு அனலைசர் என்றும், கிண்ணத்துக்கு ரெஜிஸ்டர் என்றும் பெயர். நமக்குக் கிண்ணமே போதும். அவள் அந்த அனலைசரைப் பதினோரு வருடத்துக்கு முன்னால், இரண்டு வருடம் உட்கார்ந்து, கையால் வரி வரியாக எழுதினாள். அதன் உயிர் ஒரு அட்டவணையில் இருந்தது. அந்தப் பம்பின் சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, தெரிந்த கட்டளைகள் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொரு கட்டளையும் எந்தெந்தக் கிண்ணத்தைப் பார்க்கும், எந்தெந்தக் கிண்ணத்தை மாற்றும் என்று அட்டவணை சொல்லும். அது சொல்வதை நம்பித்தான் மற்ற எல்லாம்.

இப்போது புதிய பம்பு வரப்போகிறது, அதே சில்லுதான் என்றாலும் அதற்குப் புதிய கம்பைலர். உயிர் சம்பந்தப்பட்ட சாமான் என்பதால் ஒரு கட்டாய விதி இருந்தது. அனலைசர் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றைச் செய்தவர் மற்றதைப் பார்க்காமல் செய்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் தணிக்கை அதிகாரி விடுவார். முதல் அனலைசர் அவளுடைய பழையது. இரண்டாவதைச் செய்ய ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். எப்போதும் கையில் டீ. அவர் அனலைசரை எழுதுவதில்லை; அனலைசரைத் தானாக எழுதித் தரும் ஒரு கருவியைச் செய்து வைத்திருந்தார். அதனால் அவருக்கு ‘ஜெனரேட்டர்’ என்று பெயர் விழுந்தது. முதல் நாள் எல்லோரையும் கூட்டி வைத்துக் காட்டினார். புரோகிராமை முன்னாலிருந்து பார்ப்பதா, பின்னாலிருந்து பார்ப்பதா? இரண்டு வழிகள் சேரும் இடத்தில் இரண்டின் பதிலையும் கூட்டுவதா, பொதுவானதை மட்டும் எடுப்பதா? தொடக்கத்தில் எதை வைத்துக்கொள்வது? இந்த மூன்றையும் மூன்று வரியில் சொல்லிவிட்டு, கட்டளைகளின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்தால் போதும். பட்டனைத் தட்டினார். எட்டு நொடியில் ஒன்பதாயிரம் வரி அனலைசர் வந்து நின்றது.

இரண்டு வருடம் எங்கே, எட்டு நொடி எங்கே. அவளுக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

“அட்டவணை எங்கேர்ந்து?” என்று கேட்டாள்.

“சில்லு கம்பெனியோட மானுவல்லேர்ந்து, மேடம். நானே டைப் அடிச்சேன். உங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல,” என்றார் ஜெனரேட்டர்.

ஒரு மாதம் கழித்துச் சோதனை நடந்தது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புரோகிராம்களை இரண்டு அனலைசருக்கும் கொடுத்தார்கள். அத்தனையிலும் இரண்டும் ஒரே பதில். ஒரு கிண்ணத்தில்கூட வித்தியாசம் இல்லை. மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார், அறையே தட்டியது. அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுகூடவா இடிக்காது? மனிதர்கள் செய்த இரண்டு சாமான் அவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை.

“வெள்ளிக்கிழம தணிக்கை அதிகாரி வராங்க மேடம்,” என்றார் மேனேஜர். “நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுது.”

கையெழுத்துப் போட வேண்டிய தாளில் இரண்டே வாக்கியம் இருந்தது. இரண்டு அனலைசர்களும் ஒன்றையொன்று பார்க்காமல் செய்யப்பட்டவை. இரண்டின் பதில்களும் ஒத்துப்போகின்றன.

“எதுக்கும் ஒரு தடவ பாத்துட்டுப் போட்டுடறேன், சார்.”

அறையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று அவள் கவனித்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் முதலில் சந்தேகப்பட்டது, இரண்டு அனலைசரின் பதில்களையும் ஒப்பிடும் புரோகிராமை. அது எதைக் கொடுத்தாலும் ‘சரி’ என்று தலையாட்டும் சாமானாக இருக்கலாம். தன்னுடைய பதில் ஒன்றை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு ஓடவிட்டாள். கெடுத்த இடத்தைச் சுட்டிக்காட்டி அது சிவப்பாக எரிந்தது. அது யோக்கியம்தான்.

அடுத்த சந்தேகம் கருவியின் மேல். அது உள்ளுக்குள் ரகசியமாக அவளுடைய அனலைசரையே கூப்பிட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வரலாம். அவளுடையதை வேறு இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டு ஜெனரேட்டரின் அனலைசரைத் தனியாக ஓட்டினாள். ஒழுங்காக ஓடியது. அதுவும் யோக்கியம். செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒன்பதாயிரம் வரியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் எழுதியதைவிடச் சுத்தமாகக்கூட இருந்தது.

மிச்சம் இருந்தது அட்டவணை. அது மானுவலிலிருந்துதான் வந்ததா? ஜெனரேட்டரின் மேசையில் இருந்த மானுவலை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். நீல அட்டை போட்ட புதுப் பதிப்பு. புதன்கிழமை காலை முதல் கட்டளையில் தொடங்கி, ஒரு கையில் ஸ்கேல் வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். நூற்று முப்பதாவது கட்டளைவரை எல்லாம் சரி.

நூற்று முப்பத்தொன்றாவது கட்டளை, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மொத்தமாகச் சரக்கை நகர்த்துவது. மூன்றாம் கிண்ணத்தில் ‘எங்கிருந்து’, நான்காம் கிண்ணத்தில் ‘எங்கே’, ஐந்தாம் கிண்ணத்தில் ‘எத்தனை’. ஜெனரேட்டரின் அட்டவணையில் இது மாற்றும் கிண்ணங்கள் என்ற இடத்தில் மூன்று, நான்கு என்று இருந்தது. ஐந்து இல்லை.

அவளுடைய கை ஸ்கேலை விட்டுவிட்டது.

ஏனென்றால் ஐந்து இருக்க வேண்டும். அந்தக் கட்டளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், முடியும்போது ஐந்தாம் கிண்ணத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அதே ஐந்தை அவளும் விட்டிருந்தாள்.

அவள் காலத்து மானுவலில் அந்தக் கட்டளை ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. ஐந்தாம் கிண்ணம் பூஜ்யமாகும் என்ற குறிப்பு அடுத்த பக்கத்தில், ஒரு படத்துக்கு மேலே, பொடி எழுத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் சோதனைக்கூடத்தில் ஒரு பம்பு திடீரென்று துளி விடுவதை நிறுத்திக்கொண்டது. நோயாளி யாரும் இல்லை. கண்ணாடிக் குடுவைக்குள்தான் விட்டுக்கொண்டிருந்தது. அவள் தனியாக உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தாள். ஐந்தாம் கிண்ணம் மாறாது என்ற அவளுடைய அட்டவணையை நம்பி, நிமிடத்துக்கு எத்தனை துளி என்ற எண்ணைக் கம்பைலர் அதில் போட்டு வைத்திருந்தது. சரக்கை நகர்த்தியதும் அது பூஜ்யமாகிவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் கையெழுத்துப் போட்ட கம்பைலரை மொத்தமாகத் திரும்பப் பார்ப்பார்கள். ‘எதுக்கும் மேடமே கோட்டை விட்டாங்களாம்’ என்று சாப்பாட்டு அறையில் சிரிப்பார்கள். அவளால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அட்டவணையைத் தொடாமல், கம்பைலரின் கடைசிக் கட்டத்தில் ஓர் அடைப்பு வைத்தாள்: சரக்கு நகர்த்தும் முன்னால் ஐந்தாம் கிண்ணத்தில் இருப்பதை வேறிடத்தில் எடுத்து வை, முடிந்ததும் திரும்பப் போடு. பக்கத்தில் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று குறிப்பு எழுதினாள். பார்த்தவர்கள் மேடத்தின் குணம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். வெளியே போயிருந்த பம்புகளின் புரோகிராம்களை மூன்று வாரம் தனியாகப் பார்த்தாள். ஒன்றிலும் அந்த ஆபத்து இல்லை என்று முடிவு செய்தாள். யார் முடிவு செய்தாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லும் அவள், அந்த ஒரு முடிவை மட்டும் யாரையும் பார்க்க விடவில்லை. நாளடைவில் அந்த ஐந்தை நினைப்பதையே விட்டுவிட்டாள்.

இப்போது நீலப் புத்தகத்தைப் புரட்டினாள். புதுப் பதிப்பில் அந்தக் குறிப்பு கட்டளையோடு ஒரே கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் படித்தாலும் தவறாது. இந்தப் புத்தகத்தைப் பார்த்து டைப் அடித்தவன் ஐந்தை விட்டிருக்க முடியாது. அவளுடைய அட்டவணையைப் பார்த்திருந்தால்தான் விட்டிருக்க முடியும்.

பிடித்துவிட்டாள். ஆனால் பிடித்ததை வெளியே காட்ட வேண்டும் என்றால், தன் மடியில் இருப்பதையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். ‘உங்கள் அட்டவணையில் தப்பு’ என்று சொன்ன அடுத்த நொடி, ‘அப்படியானால் உங்களுடையது எப்படி ஒத்துப்போனது’ என்று கேட்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது. புதுக் கம்பைலரில் பழைய கடைசிக் கட்டம் கிடையாது, அதைத் தூக்கிவிட்டார்கள். அவளுடைய தப்பு புதுக் கம்பைலருக்குள் போகிறது, அடைப்பு கூடப் போகவில்லை. புதுப் பம்பு ஏதாவது ஒன்றில், ஏதாவது ஒரு கட்டில் பக்கத்தில், துளி நிற்கும்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஜெனரேட்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“தம்பி, அட்டவணை பூரா மானுவல்லேர்ந்துதான?”

“ஆமா மேடம். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

அவர் டீயைப் பார்த்தார். டீயில் பார்க்க ஒன்றுமில்லை. “எல்லாம்தான் ஒத்துப்போயிடுச்சே மேடம்,” என்றார் குனிந்தபடியே. திருட்டுப் பயல் என்று அவள் மனதுக்குள் திட்டினாள். திட்டி முடித்ததும், அந்த வார்த்தை மேசையைச் சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒரு கெட்ட யோசனை வந்தது. இப்போதே தன்னுடைய அட்டவணையில் அந்த ஐந்தைச் சேர்த்துவிட்டால்? நாளைக்கு அதிகாரி முன்னால் மறுபடி ஒப்பிடும்போது ஒரே ஒரு இடத்தில் இடிக்கும். அவளுடையது சரி, ஜெனரேட்டருடையது தப்பு. கருவிக்கும் கெட்ட பெயர், காப்பியடித்தவனுக்கும் தண்டனை, பம்பும் தப்பிக்கும். யாருக்கு நஷ்டம்? கோப்பைத் திறந்தாள். மூன்று, நான்கு என்பதன் பக்கத்தில் ஐந்து என்று அடித்தாள். சேமிக்கப் போனதும் வழக்கமான பெட்டி திறந்தது: ‘மாற்றத்துக்கான காரணம்’. பதினோரு வருடத்தில் அந்தப் பெட்டியில் ஆயிரம் காரணம் எழுதியிருப்பாள். பிறர் எழுதிய காரணத்தை வாசித்து, ‘இது காரணமா?’ என்று திருப்பி அனுப்பியிருப்பாள். இன்றைக்கு விரல் எழவில்லை. ‘எதுக்கும்’ என்று எழுதினாள். அழித்தாள். ஐந்தையும் அழித்துவிட்டுக் கோப்பை மூடினாள்.

சாயங்காலம் தங்கை சீருடையோடு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பொல்லாத கோபம்.

“புதுசா ஒருத்தி வந்திருக்கா. மருந்து அளவ ரெண்டு பேர் தனித்தனியா கணக்குப் போட்டுப் பாக்கணும்கறது சட்டம். இவ நான் போட்டத எட்டிப் பாத்து அப்படியே எழுதறா. கேட்டா, ‘நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்’ங்கறா. நான் தப்பாப் போட்டிருந்தா? ஆளு உசுரே போயிடும்ல?”

அக்கா எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“புதுப் பம்பு வரப்போவுதாமே,” என்றாள் தங்கை, குடித்துவிட்டு. “ஒங்க சாமான்தான?”

“ம்.”

“எல்லாத்தையும் ரெண்டு தடவ பாப்பேன்க்கா. பம்ப மட்டும் திரும்பிப் பாக்க மாட்டேன். அதப் பாத்தவ யாருன்னு எனக்குத் தெரியும்ல.”

அக்கா காலி டம்ளரை வாங்கி வைத்தாள். துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய், காயாத துணிகளை மடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் தணிக்கை அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். ஒரு பக்கம் மேனேஜர், ஜெனரேட்டர். இந்தப் பக்கம் அவள். தாளை நகர்த்தி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார் மேனேஜர்.

“மொத வாக்கியம் பொய், சார். அதனாலதான் ரெண்டாவது உண்மையா இருக்கு,” என்றாள் அவள். “நூத்தி முப்பத்தொண்ணாவது கட்டள. ரெண்டு பேர் அட்டவணையிலயும் அஞ்சாம் கிண்ணம் விட்டுப்போயிருக்கு. மானுவல்ல இருக்கு. இவரு என்னோடதப் பாத்துத்தான் எழுதியிருக்காரு.”

ஜெனரேட்டர் முகம் வெளுத்துப்போனது.

“ரெண்டுலயும் தப்பா?” என்றார் மேனேஜர். “அப்ப உங்களோடது...”

“என்னோடதுதான் மொதல் தப்பு. பதினோரு வருஷமா இருக்கு. எனக்குத் தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. சொல்லாம கடைசிக் கட்டத்துல அடைச்சு வெச்சேன். வெளில போன பம்பையெல்லாம் பாத்தேன். சரியாத்தான் இருக்கு. ஆனா நான் ஒருத்திதான் பாத்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆறு வருடமாக அவள் பயந்தது சிரிப்புக்குத்தான். அது வராதபோது, வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதிகாரி ஜெனரேட்டர் பக்கம் திரும்பினார். “பாத்து எழுதினீங்களா?”

“மொதல்ல பாக்கல மேடம். சத்தியமா மானுவல் பாத்துத்தான் அடிச்சேன்.” அவர் குரல் இறங்கியது. “சோதனைக்கு முன்னாடி தனியா ஒரு தடவ ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். நாப்பத்திமூணு கட்டளைல இடிச்சுது. நாள் இல்ல. எல்லாத்தையும் அவங்க அட்டவணையப் பாத்துத் திருத்திட்டேன். அவங்களோடது பதினோரு வருஷமா ஓடுது. அதுவும் இந்த மேடம் பாத்தது. அதுல தப்பு இருக்கும்னு எப்படி நெனைப்பேன்?”

“நூத்தி முப்பத்தொண்ணுல நீங்க மொதல்ல என்ன அடிச்சீங்க?”

அவர் மடிக்கணினியைத் திறந்து பழைய பிரதியைத் தேடினார். வெகுநேரம் தேடியதுபோல் இருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று, நான்கு, ஐந்து. நாற்பத்திரண்டு இடத்தில் அவர் தப்பு, அவள் சரி. ஒரே இடத்தில் அவர் சரி. அந்தச் சரியை, அவளை நம்பி, அவர் அழித்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. கையெழுத்துப் போடும் உரிமையை அவளிடமிருந்து எடுத்தார்கள். நாற்காலியை எடுக்கவில்லை. ஜெனரேட்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அட்டவணையை வேறு இருவரைத் தனித்தனி அறையில் உட்கார வைத்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். கருவியின் மேல் குற்றமில்லை. எதைக் கொடுத்தார்களோ அதிலிருந்து ஒழுங்காகத்தான் அது அனலைசரைச் செய்திருந்தது. இரண்டு புதிய அட்டவணைகளையும் முதல் தடவை ஒப்பிட்டபோது ஐம்பத்தெட்டு இடத்தில் இடித்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின் வரிசையில் இருந்த அவளுக்கு மட்டும், அவமானமெல்லாம் மறந்து, ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. இப்போதுதான் இது சோதனை.

எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் போயிற்று. மறுபடி சோதித்து முடியும்வரை பழைய பம்புகளை நம்ப வேண்டாம். மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளைக் கையால் எண்ண வேண்டும். அந்தக் கடிதம் போகும் முன்னாலேயே, வெள்ளிக்கிழமை சாயங்காலமே, அவள் தங்கையிடம் சொல்லிவிட்டாள். உட்கார்ந்து சொல்லத் தைரியம் வரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

“ஆறு வருஷமாவா?” என்றாள் தங்கை.

“ஆமா.”

“எத்தன பேருக்கு அந்தப் பம்ப மாட்டியிருப்பேன், தெரியுமா ஒனக்கு?” கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். “ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தா, நான் எண்ணிப் பாத்திருப்பேனேக்கா.”

ஏழு வாரம் தங்கை துளி எண்ணினாள். கால் வீங்கி வந்து உட்காருவாள். வேண்டியதை மட்டும் பேசுவாள். அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். எட்டாவது வாரம் முடிவு வந்தது. ஐந்து பேர், அவளைச் சேர்க்காமல், எல்லாப் பம்புகளின் புரோகிராம்களையும் பார்த்திருந்தார்கள். அடைப்பு தாங்கியிருந்தது, ஒரு பம்புகூடத் துளியை நிறுத்தியிருக்கவில்லை. அவள் அந்தத் தாளைத் தங்கையிடம் காட்டினாள். தங்கை இரண்டு தடவை வாசித்தாள். பெருமூச்சு விட்டாள். வெகுநாளுக்குப் பிறகு, “சாப்ட்டியா?” என்று கேட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணி. தங்கையின் இரண்டு கையிலும் பை. “நீயே பூட்டுக்கா,” என்றாள். அவள் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டாள். பூட்டை இழுக்கக் கை போனது. இன்றைக்கு வேண்டாம், போதும் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

எட்டாவது படியில் மேலே சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

திரும்பிப் பார்த்தாள். தங்கை பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா பார்த்துவிட்டாள் என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“சும்மா பாத்தேன்க்கா.”

“பாரு,” என்றாள் அவள். “நல்லா இழுத்துப் பாரு.”

தங்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வரும்வரை, அவள் எட்டாவது படியிலேயே நின்றாள்.